லேப்டாப் வாங்கிய எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள உறவுகளுக்கு,

வணக்கம். பென்னாகரம் பக்கத்தில் எங்கள் மகளிர் குழு புளி வாங்கி, தட்டி, கொட்டை எடுத்து விற்று வருவது உங்களில் பலருக்குத் தெரியும். யார் எத்தனை கிலோ கொட்டைப்புளி எடுத்துப் போனார்கள், சுத்தம் செய்து எவ்வளவு திருப்பித் தந்தார்கள், கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று எல்லாம் நோட்டில்தான் இருந்தது. இந்த முறை குழுச் சேமிப்பிலிருந்து ஒரு லேப்டாப் வாங்கினோம். பெட்டியைப் பிரித்தது முதல் கணக்குத்தாள் அச்சாகி வந்தது வரை எங்களோடு நின்றவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்ல வேண்டும் என்று கூட்டத்தில் எல்லோருமே சொன்னார்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில் தருமபுரியில் கடை வைத்திருக்கும் தம்பிக்கு. "என்ன வேலைக்கு அக்கா?" என்று கேட்ட பிறகுதான் அவர் விலையே சொன்னார். கணக்கும் கடிதமும்தான் என்றதும் 8 ஜிபி ரேம் (வேலை செய்யும்போது பயன்படும் நினைவகம்), எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) உள்ள நடுத்தர மாடலே போதும், மிச்சத்தில் ஒரு பிரிண்டர் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வேறொருவர் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்ன பழைய லேப்டாப்பைப் பற்றியும் அவரிடமே கேட்டோம். அதில் விண்டோஸ் 10 வரைதான் ஓடும், அந்தப் பதிப்புக்கான வழக்கமான ஆதரவை, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகளை, மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது, வங்கி விவரம் வைக்கப் போகிறவர்களுக்கு அது வேண்டாம் என்று நிதானமாக விளக்கினார். தன் வியாபாரத்துக்காகச் சொல்கிறாரோ என்று எங்களில் சிலருக்குத் தோன்றியது உண்மை. விசாரித்துப் பார்த்தோம், அவர் சொன்னது அத்தனையும் சரி.

முதல்முறை ஆன் செய்தபோதும் அவர் பக்கத்திலேயே இருந்தார். மெயில் முகவரி கேட்டபோது, தனி ஆளின் முகவரியைக் கொடுக்காதீர்கள், நாளைக்குப் பொறுப்பு கைமாறினால் சிக்கல் வரும் என்று குழுவுக்கென்றே ஒன்று தொடங்க வைத்தார். அப்புறம் பிட்லாக்கர் மீட்புச் சாவி. எங்கள் லேப்டாப்பில் உள்ளதெல்லாம் பூட்டிய நிலையில் சேமிக்கப்படுகிறதாம். ஏதாவது கோளாறு வந்து அது சாவி கேட்டால் 48 இலக்க எண்ணைக் கொடுத்தால்தான் திறக்கும். அந்த எண்ணைக் கண்டுபிடித்துத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்த பிறகுதான் எங்களைக் கிளம்ப விட்டார்.

அடுத்தது எங்கள் தெருப் பெண். வேலைக்குப் போகிறவள், ஞாயிற்றுக்கிழமைகளை எங்களுக்கென்று ஒதுக்கினாள். அரசுப் பள்ளியில் படித்தபோது கிடைத்த விலையில்லா லேப்டாப்பில் பழகியவள் அவள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள் நம் கையிலிருந்து மௌஸை வாங்கி, டக்கு டக்கென்று நாலு இடத்தில் தட்டி, "அவ்வளவுதான், புரிஞ்சுதா?" என்று போய்விடுவதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். இவள் இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் எவ்வளவு நேரம் தேடினாலும் அவள் கை விசைப்பலகைக்கு வரவே இல்லை. "இன்னும் கொஞ்சம் கீழே பாருங்க அத்தை" என்று வாயால் மட்டும்தான் வழி சொன்னாள். தப்பாகிவிட்டால் கண்ட்ரோலும் இசட்டும் சேர்த்து அழுத்துங்கள், முந்தைய நிலைக்குப் போய்விடும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டதால் யாருக்கும் பயமில்லை.

தமிழ் தட்டச்சுக்கு எதையும் தனியாக இறக்க வேண்டியிருக்கவில்லை. அமைப்புகளில் மொழிப் பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, தமிழ் 99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்க வைத்தாள். தமிழக அரசு 1999-இல் தரப்படுத்திய முறை அது. உயிரெழுத்துகள் இடது கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலது கைப் பக்கம். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம். சின்னச் சின்னத் தாளில் எழுத்துகளை எழுதி, ஒவ்வொரு விசை மேலும் டேப் போட்டு ஒட்டினாள். நாங்கள் அடித்த முதல் சொல் புளி. ப, உ, ள, இ என்று வலது கை, இடது கை, வலது கை, இடது கை. அடுத்து கொட்டை. 'ட'வை இரண்டு முறை தட்டினால் முதல் 'ட'வுக்குப் புள்ளி தானாகவே விழுந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுத் தலைவி அக்கா தன் பேத்தி பெயர் வரை அடித்துத் தீர்த்தார். அவருக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். விண்டோஸ் விசையோடு கூட்டல் குறியை அழுத்தித் திரையைப் பெரிதாக்கும் வழியும் இந்தப் பெண் காட்டியதுதான்.

டிடிபி கடை அண்ணனுக்கும் நன்றி. எங்கள் பழைய கடிதங்கள் அவர் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்தவை. புது லேப்டாப்பில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்தாகத் தெரிந்தது. அம்மா என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நின்றது. அத்தனையையும் எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றி பென்டிரைவில் போட்டுக்கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பொருளாளரின் மகன் கல்லூரியில் படிக்கிறான். வைரஸ் வந்துவிட்டது, இந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள் என்று திரையில் ஏதாவது வந்தால் கூப்பிடவே கூடாது, பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள் என்று அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறான். நல்லா இரு, கண்ணு.

எங்கள் குழுப் பெண்களைச் சொல்லாமல் விட முடியாது. பகலெல்லாம் புளி தட்டிவிட்டு வந்து, ஒருவர் நோட்டைப் பார்த்து வாசிக்க ஒருவர் அடிக்க, பழைய பாக்கி மொத்தத்தையும் ஏற்றி முடித்தார்கள். மின்சாரம் நின்றபோதும் பேட்டரி இருக்கும்வரை எழுந்திருக்கவில்லை. இப்போது ஒவ்வொருவர் கையிலும் அவரவர் கணக்கு தமிழில் அச்சடித்த தாளாக இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு உதவிய எல்லோரும் கட்டாயம் வர வேண்டும். கணக்கைத் திரையில் போட்டு நாங்களே வாசித்துக் காட்டுகிறோம். சாப்பாடு எங்கள் பொறுப்பு.

நன்றியுடன்,
குழுச் செயலாளர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்