லுலுவா ஆற்றையும் நினைப்போம்

ஐயா,

ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசில், காங்கோ ஆற்றின் இங்கா அணைத் திட்டம் குறித்த தங்கள் தலையங்கம் கண்டேன். அங்கே நாற்பதாயிரம் மெகாவாட் மின்சாரம் என்ற கனவு பெரிதுதான். ஆனால் அந்நாட்டின் நடுப்பகுதிக்கு உடனடியாக வெளிச்சம் தரக்கூடியவை கிளை ஆறுகளே. காங்கோவின் கிளையான கசாய் ஆற்றில் கலக்கும் லுலுவா ஆற்றில், கட்டெண்டே என்னுமிடத்தில் 64 மெகாவாட் நீர்மின் நிலையம் அமைக்க, 2011-ல் நமது எக்ஸிம் வங்கி (இந்திய ஏற்றுமதி-இறக்குமதி வங்கி) கடன் வழங்க ஒப்புக்கொண்டது. தொடங்கிய பணி பாதியில் நின்று ஆண்டுக்கணக்கில் முடங்கியது வேதனைக்குரியது.

மின்பொறியாளனாக அருகிலுள்ள கனங்கா நகரில் சில காலம் தங்கியிருக்கிறேன். அங்கே மாவு மில்கூட டீசல் ஜெனரேட்டரில்தான் ஓடியது. ரயிலில் டீசல் வராத நாள்களில் பெண்கள் மக்காச்சோளத்தை உரலில் இடித்தார்கள். இத்தனைக்கும் ஆறு வெகு தொலைவில் இல்லை! நெடுந்தூர மின்தடங்கள் வேண்டாத இத்தகைய திட்டமே அம்மக்களுக்கு முதலில் தேவை. இந்திய, காங்கோ அரசுகள் கூட்டுத் தொழில்நுட்பக் குழுவை அனுப்பி, கட்டெண்டே பணியின் இன்றைய நிலையை மதிப்பிட்டு, முடிக்கும் காலக்கெடுவை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற மின்பொறியாளர், கோவை