பட்டறையிலிருந்து ஒரு கடிதம்

கணபதி, கோவை
ஞாயிறு மதியம்

மாப்ளே,

உன் கடிதத்துக்குப் பதில் போடவில்லை என்று உன் தங்கச்சி தினமும் சொல்லிக்காட்டுகிறாள். திட்டவேண்டியதைத் திட்டி முடித்துவிட்டு மேலே படி. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஜவ்வு வீடு கட்டிவிட்டான். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களைவிட அவன்தான் அதிகம் சாப்பிட்டான். அவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

குஜராத் ஆலங்கில் கப்பல் உடைக்கிற பக்கத்துக் கடையில், முக்குளிக்கிறவனுக்கு சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி இறக்கிக் கொடுக்கிற பழைய இரட்டைக் குழாய் ரெகுலேட்டர் ஒன்று வாங்கினேனே, "உனக்கு முக்குளிக்க ஆசையா, முங்கிப்போக ஆசையா" என்று கேட்டாயே, அதைக் கழற்றிவிட்டேன். பித்தளை அப்படியே இருக்கிறது. ரப்பர் எல்லாம் தொட்டால் அப்பளம். கம்பெனிக்கு எழுதினால் அந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டோம் என்கிறார்கள். புது மாடலுக்காவது ரிப்பேர் கிட் கொடுங்கள் என்றால், டீலருக்கு மட்டும்தானாம். நம் காசில் வாங்கிய சாமானைத் திறக்க இன்னொருவன் அனுமதி வேண்டும்!

திறந்து பார்த்தபோதுதான் எமில் கான்யான் மேல் மரியாதை வந்தது. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கேஸில் கார் ஓட்ட வால்வு செய்துகொண்டிருந்த இன்ஜினியர். 1943இல் பிரெஞ்சுக் கடற்படைக்காரர் ஜாக் குஸ்தோவோடு பிரான்சின் மார்ன் ஆற்றில் தங்கள் முதல் ரெகுலேட்டரைச் சோதித்தபோது, நிமிர்ந்து நின்றால் காற்று கொட்டுகிறது, தலைகீழானால் மூச்சு இழுக்க முடியவில்லை. மூச்சு இழுத்தால் உள்ளே வளைந்து காற்று வால்வைத் திறக்கிற ரப்பர் தகடுதான் டயாபிரம். அது ஒரு மட்டத்தில், மூச்சு விடுகிற வால்வு வேறு மட்டத்தில். அந்தச் சில அங்குலத் தண்ணீர் அழுத்தமே போதும், கணக்கு கெட்டுவிடும். வெளியேறும் வால்வை டயாபிரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள், தீர்ந்தது. இரண்டாவது குழாய் அழகுக்கு இல்லை மாப்ளே, விட்ட மூச்சை முதுகுக்குத் திரும்பக் கொண்டுபோகத்தான். சோடாபுட்டி சார் பாடத்தில் இதை ஒரு நாள் சொல்லியிருந்தால் நான் பெயில் ஆகியிருக்க மாட்டேன்.

டயாபிரத்தை சிலிக்கானில் வார்த்தேன். பிளாட்டினத்தில் இறுகுகிற ரகம். முதலில் பக்கத்துப் பையன் 3டி பிரிண்டரில் அடித்துக் கொடுத்த ரெசின் மோல்டில் ஊற்றினால், மோல்டைத் தொட்ட பக்கம் மட்டும் பிசுபிசுவென்று இறுகாமலே நிற்கிறது. அந்த ரெசினுக்கும் இந்த சிலிக்கானுக்கும் ஆகாது, கந்தகம் பட்டாலும் ஆகாது. அப்புறம் அலுமினியத்தில் லேத்தில் கடைந்தேன். பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரை வேக்கம் பம்பாக மாட்டிக் குமிழியை இழுத்தேன். கண்ணாடி மாதிரி வந்தது.

சீட், அதாவது சிலிண்டர் காற்றின் வால்வை மூடுகிற அடைப்பு, அடுத்த கதை. பாலியூரித்தேன் கம்பியில் கடைந்தது. டூல் கொஞ்சம் மழுங்கினாலும் வெட்டாமல் நகர்ந்து கொடுக்கும். முகம் பளபளவென்று சமமாக இருக்கவேண்டும், ஏனென்றால் அதில் வந்து உட்காருவது கத்தி விளிம்பு மாதிரியான ஒரு பித்தளை வளையம். அழுத்தம் காட்டுகிற கேஜ் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: முள் ஏறி ஒரு இடத்தில் நின்றால் நல்ல சீட். நின்ற மாதிரி நின்று மெல்ல ஏறிக்கொண்டே போனால் குப்பைத்தொட்டி.

இனிமேல்தான் என் தூக்கம் போன கதை. இதே சிலிக்கானில் பெரியவளுடைய ஒற்றைக் குழாய் ரெகுலேட்டருக்கும் ஒரு டயாபிரம் செய்து மேஜையில் வைத்திருந்தேன். சும்மா செய்து பார்த்தது. அவள் அதை மாட்டிக்கொண்டு புதுச்சேரி போய் 18 மீட்டர் இறங்கியிருக்கிறாள். வீடியோ வேறு அனுப்புகிறாள், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாக வைத்துக் காட்டிக்கொண்டு. "அப்பா, ஆக்டோபஸ் இருக்கு, எதுக்கு டென்ஷன்" என்கிறாள். ஆக்டோபஸ் என்றால் கூடவே மாட்டியிருக்கும் உபரி வாய்ப்பாகம். கிளம்புமுன் சோதித்தாளாம்: வாய் வைக்கிற பக்கம் மேலே இருக்க பக்கெட் தண்ணீரில் மெல்ல இறக்கினாளாம், மூன்று சென்டிமீட்டர் இறங்கியதும் உஸ் என்றதாம். நான் சொல்லிக் கொடுத்ததுதான். கோபப்படவும் முடியவில்லை.

அந்த வீடியோ எப்படியோ கடற்கரைப் பக்கம் டைவிங் கடை வைத்திருக்கும் ஒருவர் கைக்குப் போய், போன் வந்தது. ஐம்பது டயாபிரம், ஐம்பது மூச்சு விடும் வால்வு வேண்டுமாம். சீட் வேண்டாமாம், 200 பார், அதாவது காற்றுமண்டல அழுத்தம் மாதிரி இருநூறு மடங்கு, தாங்குகிற சமாசாரத்தை நாட்டு லேத்தில் நம்ப முடியாதாம்.

தலைகீழாக யோசிக்கிறார் மாப்ளே. சீட் கெட்டால் என்ன ஆகும்? காற்றை ஒன்பது பத்து பாருக்கு இறக்கவேண்டிய வால்வு முழுசாக மூடாது, சிலிண்டருக்கும் வாய்க்கும் நடுவிலுள்ள குழாயில் அழுத்தம் ஏறும். செகண்ட் ஸ்டேஜ், அதாவது வாயில் வைக்கிற பாகத்தின் வால்வு, காற்று தள்ளினால் திறக்கிற பக்கமாக வைத்தது. அதனால் தானாகக் காற்றைக் கொட்டும். ஊரைக் கூட்டும், சிலிண்டர் சீக்கிரம் காலியாகும், ஆனால் மேலே வர அவகாசம் இருக்கும். சில சுவீடன் மாடலில் வால்வு எதிர்ப்பக்கம் திறக்கும், அதற்குத் தனி ரிலீஃப் வால்வு வேண்டும். அது வேறு கணக்கு. டயாபிரம் கிழிந்தால்? ஒரு சத்தமும் கிடையாது. அடுத்த மூச்சில் காற்றோடு தண்ணீர் வரும். சிலிக்கான் வளையும், நெளியும், ஆனால் ஓரத்தில் நகம் பட்டால்கூடச் சர்ரென்று போய்விடும். ஐந்து நிமிஷத்தில் வார்க்கிற இந்த மலிவான சாமானைத்தான் நான் முன்பின் தெரியாதவன் வாயில் வைக்கப் பயப்படுகிறேன்.

என் பிள்ளைக்கு ஒன்று செய்தால் அதை விளக்கில் காட்டி, இழுத்து, பார்த்துப் பார்த்து அனுப்புவேன். ஐம்பதாவது டயாபிரத்தை அப்படிப் பார்ப்பேனா? பணம் வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை, அது உனக்கே தெரியும். லேத் தவணை இன்னும் முடியவில்லை. ஆனால் கடைக்காரரிடம் சீட் வேண்டுமானால் செய்கிறேன், ரப்பர் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் மனசு சொல்கிறது. நீ என்ன நினைக்கிறாய்? எனக்காகச் சப்பைக்கட்டு கட்டாதே.

அப்புறம் ஒரு வேலை. உங்கள் வால்வு கம்பெனி டெஸ்ட் பெஞ்சில் சைக்கிள் டெஸ்ட் போடுவீர்களே, சூப்பர்வைசர் கண்ணில் படாமல் என் சீட் இரண்டைப் போட முடியுமா? எத்தனை முறை திறந்து மூடியதும் அழுத்தம் ஏறத் தொடங்குகிறது என்று மட்டும் குறித்து அனுப்பு. பாலியூரித்தேன் கம்பி பேட்ச் சர்ட்டிபிகேட்டோடு எங்கே சில்லறையில் கிடைக்கும் என்றும் ஸ்டோர்ஸில் விசாரி. சீட் இரண்டும் வியாழக்கிழமை கூரியரில் வரும்.

உன்
லேத்து