அந்தச் சரிபார்ப்புத் தாளைத் திரும்பப் பெறுங்கள்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கு,

வணக்கம். இந்தப் பருவத்தில் எத்தனை ஆய்வறிக்கைகள் “நம்பகமற்ற இணைய ஆதாரம்” என்ற ஒற்றைக் குறிப்போடு திருப்பி அனுப்பப்பட்டன என்பது உங்களுக்கே தெரியும். எந்த ஆதாரம், ஏன் நம்பகமற்றது என்று ஒரு வரி இல்லை. கேட்ட மாணவர்களிடம், இணைய ஆதாரத்தை நம்பலாமா என்று கட்டம் கட்டமாகக் குறித்துப் பார்க்கும் குழுவின் சரிபார்ப்புத் தாளைப் பார்க்கச் சொல்கிறார்கள். அந்த மாணவர்களோடு அன்றாடம் உட்கார்ந்து ஆதாரம் தேடும் நூலகப் பணியாளர்களாகிய நாங்கள் கேட்பது ஒன்றுதான்: தயவுசெய்து அந்தத் தாளைத் திரும்பப் பெறுங்கள்.

தளத்தின் முகவரி ‘டாட் ஆர்க்’ (.org) என்று முடிந்தால் நம்பலாம் என்கிறது தாள். அந்த முகவரியைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். மார்ட்டின் லூதர் கிங் பெயரிலேயே ‘டாட் ஆர்க்’ தளம் ஒன்று பல ஆண்டுகள் இயங்கியது. நடத்தியது ஸ்டார்ம்ஃபிரன்ட் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல். ஆசிரியர் பெயர், தேதி, ‘எங்களைப் பற்றி’ பக்கம் என்று தாள் கேட்கும் மற்றவையும் தளத்துக்காரர் தானே எழுதிக்கொள்பவை.

1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட கட்டுரை அது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றது. உங்கள் தாளிலோ எல்லாக் கட்டத்திலும் தேறிவிடும்: மருத்துவர்களின் பெயர், பெரிய இதழ், தேதி, மேற்கோள் பட்டியல் எல்லாம் உண்டு. வேறெங்கோ கிடக்கும் பழைய பிடிஎஃப் நகலில் திரும்பப் பெற்ற முத்திரை இருக்காது. அதை நம்பி ஒரு மாணவி அத்தியாயமே எழுதி, வாய்மொழித் தேர்வில் அது செல்லாது என்று கேட்க நேர்ந்தால், பிழை யாருடையது?

இதைத் தவிர்க்கச் சில நிமிடம் போதும். கட்டுரைக்கென்றே தரப்படும் நிலையான அடையாள எண்ணான டிஓஐ (DOI) 10 என்று தொடங்கும். அதை டிஓஐ டாட் ஆர்க் (doi.org) தளத்தில் இட்டால் பதிப்பாளரின் இன்றைய பக்கத்துக்கே போகும். தலைப்புக்கு அருகில் திருத்தமோ திரும்பப் பெற்ற அறிவிப்போ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் (திரும்பப் பெற்ற கட்டுரைகளின் பட்டியல்) ஒருமுறை தேட வேண்டும், அது இலவசம். சாட்பாட் இட்டுக்கட்டிய மேற்கோள்கள் பலவும் டிஓஐ எண்ணைத் தேடும்போதே பிடிபடும்: எண் திறக்காது, அல்லது சம்பந்தமில்லாத கட்டுரைக்குப் போகும்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றாசிரியர்கள், மாணவர்கள், செய்திச் சரிபார்ப்பாளர்கள் என மூன்று தரப்பிடமும் தளங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வரலாற்றாசிரியர்களும் மாணவர்களும் பலமுறை தளத்தின் பெயரையும் தோற்றத்தையும் கண்டு ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தை ஆழ்ந்து படிக்கும் முன்பே புதிய டேப் திறந்து, பிறர் அந்தத் தளத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். கற்பிக்க வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். தேடும்போது தளத்தின் பெயரோடு கழித்தல் குறி, ‘சைட்’, முக்காற்புள்ளி, பிறகு தளத்தின் முகவரி (-site:முகவரி) என்று இடைவெளியின்றிச் சேர்த்தால் அந்தத் தளம் தன்னைப் பற்றிச் சொல்வது விலகிவிடும்.

விக்கிபீடியாவுக்கு நீங்கள் முழுத் தடை போட்டதால் மாணவர்கள் யாரும் அதைப் படிப்பதை நிறுத்தவில்லை. அடிக்குறிப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் தாங்களே படித்ததுபோல் எழுதப் பழகுகிறார்கள். அடிக்குறிப்பு வழியே மூலத்துக்குப் போகச் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தப் பொய் தேவைப்பட்டிருக்காது.

எழுத்துத் திருட்டைப் பிடிக்கும் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்க முடிகிறது. ஆதாரத்தைச் சோதிக்கக் கற்றுத்தர ஒரு மணி நேரம் ஒதுக்க முடியவில்லை. தண்டிக்க இருக்கும் ஏற்பாடு கற்பிக்க இல்லையே என்ற வருத்தம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. அது தனியே பேச வேண்டியது. இப்போதைக்கு, அடுத்த அறிக்கைகள் வரும் முன் அந்தத் தாளைத் திரும்பப் பெறும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். நிராகரிக்கும் ஒவ்வோர் ஆதாரத்துக்கும் ஒரு வரி காரணம் எழுத நெறியாளர்களிடம் சொல்லுங்கள். கணினிக் கூடத்தில் 2 மணி நேரம் ஒதுக்கினால் பயிற்சியை நாங்களே நடத்தித் தருகிறோம்.

இப்படிக்கு,
நூலகப் பணியாளர்கள்