நூலகம் ஏழு மணிக்குப் பூட்டப்படும்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை இரவு ஏழேகாலுக்கு எனக்கு ஒரு போன் வந்தது. நம் ஊர்க் கிளை நூலகத்தின் நூலகர். “சார், உங்க ஸ்கூல் மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன் இங்கயே இருக்கான். கூட்டிட்டுப் போக யாரும் வரல. அடையாள அட்டையில இருக்கற நம்பர் சுவிட்ச் ஆஃப்னு வருது.” வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். நூலகம் பூட்டியிருந்தது, வெளிவிளக்கு மட்டும் எரிந்தது. படிக்கட்டில் பையன் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நூலகர் அம்மா. அவர் வாங்கிக் கொடுத்த பிஸ்கட் பொட்டலம் பாதி தீர்ந்திருந்தது.

பையனின் தாயார் வந்து சேர்ந்தபோது மணி எட்டு இருபது. பஸ் வரவில்லை, போனில் சார்ஜ் இல்லை. பாவம், அழுதே விட்டார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் புறப்படும்போது நூலகர் மெதுவாகச் சொன்னார்: “சார், இந்த மாசத்துல இது மூணாவது பிள்ளை.” அதனால்தான் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

இதில் என் பங்கும் உண்டு. அரசின் வாசிப்பு இயக்கத்தில் வந்த ‘நுழை, நட, ஓடு, பற’ வரிசைப் புத்தகங்களை நம் பிள்ளைகள் மளமளவென்று முடித்துவிட்டு “வேற இருக்கா சார்?” என்று வந்து நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. காலை வழிபாட்டில், “சாயங்காலம் நூலகத்துக்குப் போங்கள், அங்கே நிறைய இருக்கிறது” என்று சொன்னேன். யாரோடு போக வேண்டும், எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்கு பத்துக்கு மணி அடித்தால் நாலரைக்குள் முப்பது பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள்.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று போகாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரே ஒரு கூடம். முன்னால் நாளிதழ் மேசை, தாத்தாக்கள் நான்கைந்து பேர் தந்தியைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகப் படிப்பார்கள். பின்வரிசையில் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள். வீட்டில் இடம் இல்லாமல்தான் இங்கே வந்து உட்காருகிறார்கள். புரவலர் பெயர்ப் பலகைக்குக் கீழே சிறுவர் நூல்கள், இரண்டு அடுக்கு. இத்தனைக்கும் ஒரே நூலகர். புத்தகம் கொடுப்பது, வாங்குவது, உறுப்பினர் சேர்ப்பது, காலையில் திறந்து பெருக்குவது எல்லாம் அவர்தான். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகள் தரையில் உருண்டு படிக்கிறார்களே என்று ஒரு அப்பா கேட்டார். அங்கே முதல் தளத்தில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. நம் ஊரில் பிள்ளை எழுப்பும் சத்தம் நேரே தாத்தாவின் காதில்தான் விழும்.

இன்னொருவர், “வீட்டு வரியோட நூலக வரியும் கட்டறோம்ல சார், பாத்துக்க மாட்டாங்களா?” என்றார். கட்டுகிறோம், உண்மைதான். சொத்து வரியில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரி. 1948இல் வந்த நூலகச் சட்டத்தின் கீழ் வாங்குவது. விடுதலைக்குப் பிறகு இந்தியாவிலேயே இப்படியொரு சட்டம் முதலில் வந்தது நம் மாநிலத்தில்தான். ஆனால் அந்தப் பணம் புத்தகத்துக்கும் நாளிதழுக்கும் கட்டடத்துக்கும். பால்வாடி ஆயாவுக்கு அல்ல. ஒரு பிள்ளை கழிப்பறைக்குப் போய்த் திரும்பியதா என்று பார்க்க நூலகர் எழுந்து போனால், அந்த நேரம் மேசையில் ஆள் இருக்காது.

நூலகத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். வாசலில் யாரும் ‘நீ யார்’ என்று கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. பஸ் ஸ்டாண்டில் எட்டு வயதுப் பிள்ளையை மூன்று மணி நேரம் தனியாக விட மாட்டோம், இல்லையா? இங்கும் வருவது அதே ஊர் ஜனங்கள்தான். யாராவது தொந்தரவு செய்தால் நேரே நூலகர் மேசைக்குப் போய்ச் சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கொடுங்கள். அந்த இடத்தில் மட்டும் சத்தம் போடலாம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடமாகத் தெரிய வையுங்கள். இதைப் படித்துப் பயந்துபோய்ப் பிள்ளையை அனுப்புவதையே நிறுத்திவிடாதீர்கள். நான் அதிகம் கவலைப்படுவது அதற்குத்தான்.

இனி இப்படி வைத்துக்கொள்வோம். ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளோடு பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். பெரியவர் என்றால் ஏழாவது படிக்கும் அக்கா அல்ல. கூட என்றால் வாசலில் வண்டி மேல் உட்கார்ந்து போன் பார்ப்பதும் அல்ல. ஆறு முதல் எட்டு வரை படிப்பவர்கள் தனியாகப் போகலாம், ஆனால் ஆறரைக்குக் கிளம்பிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு வார விடுமுறை. அன்றைக்கும் “லைப்ரரிக்குப் போறேம்மா” என்று சொல்லிவிட்டுப் போகிற சிலர் எட்டாம் வகுப்பில் உண்டு. எங்கே போகிறார்கள் என்று அந்தந்த வீட்டில் விசாரித்துக்கொள்ளவும்.

அப்புறம், கூட வரும் பெரியவர்களுக்கும் கொஞ்சம். போனை ஸ்பீக்கரில் போட்டு வீடியோ பார்ப்பது, பிள்ளைக்கு வீட்டுப்பாடத்தை உரக்கச் சொல்லி எழுத வைப்பது, முறுக்குப் பொட்டலத்தைப் பிரிப்பது எல்லாம் வேண்டாம். எடுத்த புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் செருகவும் வேண்டாம், மேசை மேலேயே வைத்துவிடுங்கள். இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் தப்பான இடத்தில் செருகிய புத்தகம் காணாமல் போனதற்குச் சமம், தேடுகிறவர் கைக்கு அது மாதக்கணக்கில் கிடைக்காது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது. நாம் செய்கிற உதவி சில சமயம் அந்த நேரத்தைத்தான் தின்றுவிடுகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் கோபத்தோடே எழுதுகிறேன். நூலகர் எனக்கு ஒரு சிறுவர் கலைக்களஞ்சியத்தைத் திறந்து காட்டினார். விடுதலைப் போராட்டத் தலைவர்கள் பகுதியில் நான்கு ஜன்னல்கள். பிளேடு வைத்து, ஓரம் பிசிறாமல், அத்தனை நேர்த்தியாக வெட்டியிருக்கிறது. நான்காம் வகுப்புக் கை இப்படி வெட்டாது, இது பெரியவர் கை. மறுநாள் செயல்திட்ட நோட்டுகளைப் புரட்டினேன். வ.உ.சி. படம் ஒன்றின் பின்பக்கத்தில் நூலக முத்திரையின் பாதி தெரிந்தது. யார் என்று கேட்கப்போவதில்லை. ‘படம் ஒட்டி வா’ என்று சொன்னது நாங்கள்தானே. இனிமேல் நம் பள்ளியில் படம் ஒட்டும் செயல்திட்டம் கிடையாது. கோணல்மாணலாக இருந்தாலும் பிள்ளையே வரையட்டும், இரண்டு வரி எழுதட்டும். அந்தப் புத்தகத்துக்குப் பதில் புதிதாக ஒன்று பள்ளி சார்பில் வாங்கித் தருகிறோம்.

மில்லிலும் கடையிலும் ஏழு மணி வரை வேலை பார்க்கிறவர்கள் என்ன செய்வது? நியாயமான கேள்வி. ஆசிரியர்களிடம் பேசினேன். திங்கள் முதல் வியாழன் வரை ஐந்தரை மணி வரைக்கும் ஒருவர் முறை வைத்துப் பள்ளியில் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். புதன்கிழமை மட்டும் பள்ளி மேலாண்மைக் குழுவைச் சேர்ந்த அம்மாக்கள் இரண்டு பேர் பதினைந்து பிள்ளைகளை நூலகத்துக்கு நடத்திக் கூட்டிப் போய், ஐந்தரைக்குப் பள்ளி வாசலில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். ஐந்தரைக்கும் முடியாது என்பவர்கள் தயங்காமல் என்னை வந்து பாருங்கள், அக்கம்பக்கத்து வீடுகளைச் சேர்த்து ஒரு வழி பண்ணுவோம்.

கடிதத்தின் அடியில் ஒரு சீட்டு இருக்கிறது. பிள்ளையின் பெயர், வகுப்பு, கூட்டிப் போக வருபவரின் பெயர், இரண்டு தொலைபேசி எண்கள். இரண்டாவது எண் வேறு ஒருவருடையதாக இருக்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் என்றாலும் சரி. திங்கட்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். புதன்கிழமை கூட வரக்கூடிய அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராக இருந்தாலும் சீட்டின் பின்பக்கம் பெயர் எழுதுங்கள். இப்போதைக்கு இரண்டு வாரத்துக்குத்தான் ஆள் இருக்கிறது.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்