வள்ளம் வரும் சத்தம்

பாம்பன்,
ஜூன் 28

அன்புத் தம்பிக்கு, அம்மா எழுதுவது.

நேற்று ராத்திரி நீ செய்த ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் பக்கத்தில் போனை வைத்து ஒரு சத்தம் கேட்க வைத்தாயே, "டுபு டுபு டுபு" என்று, அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தச் சத்தத்தை எனக்கு 1991லேயே தெரியும்.

ஐடிஐயில் படிக்கும்போது எஸ்எல்100, எஸ்கே100 டிரான்சிஸ்டர் ஜோடியை வைத்து முதல் ஆம்ப்ளிபயர் செய்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேட்டரியை மாட்டினால் பாட்டு வரவில்லை, இதே டுபு டுபுதான் வந்தது. திண்ணையில் வலைக் கிழிசல் பின்னிக்கொண்டிருந்த உன் தாத்தா எழுந்து போய்க் கடலைப் பார்த்தார். "இந்நேரத்துல யாரு வள்ளம் வருது?" என்றார். டீசல் வள்ளம் என்ஜினைத் தணித்துக் கரை பிடிக்கிற சத்தம் அச்சு அசலாக அதுதான்.

காரணத்தைச் சொல்கிறேன். ஸ்பீக்கர் ஒரு தடவை பலமாக அடிக்கும்போது பேட்டரியிலிருந்து நிறைய கரண்ட் இழுக்கும். நீ வைத்திருக்கிற 9 வோல்ட் சின்னப் பேட்டரிக்கு அந்த இழுப்பு தாங்காது, வோல்டேஜ் சரியும். அந்தச் சரிவு எல்எம்386 என்ற ஒலி பெருக்கும் ஐசிக்குள் முதல் படிவரை போய், அங்கே பெரிதாகி, மறுபடி ஸ்பீக்கரை அடிக்கும். அடித்ததும் மறுபடி சரிவு. இப்படிச் சுற்றிச் சுற்றி வருவதுதான் உனக்கு டுபு டுபு என்று கேட்கிறது. ஐசியைக் குறை சொல்லாதே, அது தனக்குக் கொடுத்ததைப் பெரிதாக்குகிறது.

9 வோல்ட் பேட்டரியை எடுத்துவிட்டு நாலு பென்சில் பேட்டரி போடு. 6 வோல்ட் போதும், இந்த ஐசி 4 வோல்ட்டிலேயே வேலை செய்யும். ஐசியின் ஆறாம் காலுக்கும் (பேட்டரி பிளஸ்) நாலாம் காலுக்கும் (கிரவுண்டு, அதாவது பேட்டரி மைனஸ்) நடுவே 470 மைக்ரோபாரட் கண்டன்சர் ஒன்று, ஐசியை ஒட்டியே இருக்கட்டும். பேட்டரிப் பக்கம் தள்ளி வைத்தால் பாதிப் பலன்தான். ஏழாம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோபாரட். நிறையப் படங்களில் ஏழாம் காலைச் சும்மா விட்டிருப்பார்கள், நீயும் விட்டிருப்பாய். கண்டன்சரில் வெள்ளைக் கோடு போட்ட கால் மைனஸ் என்பதை மறக்காதே.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. ஒன்றாம் காலுக்கும் எட்டாம் காலுக்கும் நடுவே 10 மைக்ரோபாரட் வைத்திருக்கிறாயா? வைத்திருந்தால் கழற்றிவிடு. அது இருந்தால் ஒலி 200 மடங்கு பெருகும், இல்லாவிட்டால் 20 மடங்கு. மைக்குக்கு 200 வேண்டியிருக்கும். போனிலிருந்து பாட்டு கேட்க 20 தாராளம், இரைச்சலும் அந்த அளவுக்குக் குறையும். போனின் இடது வலது வயர் இரண்டையும் நேராக முறுக்கி ஒன்றாக்காதே. ஆளுக்கு ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டுச் சேர்த்து, பிறகு வால்யூமுக்குக் கொண்டுபோ.

ஸ்பீக்கர் போகும் வழியில் 220 மைக்ரோபாரட் கண்டன்சர் வைத்திருப்பதாகச் சொன்னாய். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சுமார் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தவில் சத்தத்தை மெலியவைக்கும். 470 போட்டால் 40 சொச்சம்வரை இறங்கும். உனக்குத் தவில் பிடிக்கும் என்பதால் பார்சலில் இரண்டு 470 வைத்திருக்கிறேன். ஐந்தாம் காலிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் 10 ஓம் ரெசிஸ்டர், 0.05 மைக்ரோபாரட் கண்டன்சர் ஜோடியையும் விட்டுவிடாதே. அது இல்லாவிட்டால் காதுக்கு எட்டாத வேகத்தில் ஐசி தானாக ஊளையிட்டுச் சூடேறும், உனக்கு ஒன்றும் கேட்காது.

தாத்தாவின் டிரான்சிஸ்டர் ரேடியோ உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. இலங்கை வானொலி கேட்பதற்காகவே வைத்திருந்தார், கடலுக்கும் எடுத்துப்போவார். உப்புக் காற்றில் அதன் வால்யூம் கரகரத்துப்போய், ஒருநாள் அடியோடு நின்றுவிட்டது. கடைக்குக் கொடுத்தோம், மூன்று மாதம் வைத்திருந்துவிட்டு ஆகாது என்று திருப்பித் தந்தார்கள். அன்று ராத்திரி தாத்தா ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் ஐடிஐயில் சேர்ந்தேன். முதல் வருஷமே அதைப் பிரித்தேன். ஸ்பீக்கர் வயர் பற்றவைத்த இடத்தில் பச்சை பூத்திருந்தது. பார்த்தால் ஒட்டியிருப்பது போல இருக்கும், ஊசியால் நெம்பினால் வந்துவிடும். சுரண்டித் துடைத்துப் புது ஈயம் வைத்தேன். கொழும்பு வந்தது. தாத்தா ஒன்றும் பேசவில்லை, ஒரு வெற்றிலையை மடித்து என் கையில் கொடுத்தார்.

நீ இருக்கிற ஓசூரில் உப்புக் காற்று இல்லை. ஆனால் சரியாகப் பிடிக்காத ஈயம் எந்த ஊரிலும் ஏமாற்றும். முதலில் சால்டரிங் அயர்னைக் காலிலும் செம்பிலும் சேர்த்து வை, இரண்டும் சூடான பிறகு ஈயத்தைக் கொடு. அயர்ன் நுனியில் ஈயத்தை உருக்கி எடுத்துவந்து அப்பினால், பார்வைக்கு முத்துப் போல உருண்டு நிற்கும், பிடித்திருக்காது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவு, பிறகு சாப்பிடு.

கோளாறு எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால் விரலை வைத்துப் பார். வால்யூமைக் கூட்டி வைத்துவிட்டு மூன்றாம் காலைத் தொட்டால் "உர்ர்" என்று கேட்க வேண்டும், வீட்டு லைனின் 50 ஹெர்ட்ஸ் உன் உடம்பு வழியாக வருவது அது. கேட்டால் அங்கிருந்து ஸ்பீக்கர்வரை எல்லாம் நலம், போன் பக்கம் தேடு. பேட்டரியில் ஓடுவதில் மட்டும்தான் இப்படித் தொடலாம். சுவரில் சொருகுகிற எதையும் திறந்து வைத்துக்கொண்டு விரலைக் கொண்டுபோகாதே. இதை அம்மா கெஞ்சிக் கேட்கிறேன்.

இங்கே மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய்வருகின்றன. கச்சான் காற்று விழுந்துவிட்டது, முற்றமெல்லாம் மணல். அப்பாவுக்கு இருமல் தேவலை. பார்சலில் நெத்திலிக் கருவாட்டைத் தனியாக இரண்டு கவர் போட்டுக் கட்டியிருக்கிறேன், கண்டன்சர் டப்பாவோடு சேர்த்து வைக்காதே.

பார்சல் வந்ததும் பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு, வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால், போனைக் கழற்றிவிட்டு ஐந்தாம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வை. பேட்டரியில் பாதி, அதாவது 6க்கு 3 வோல்ட் பக்கத்தில் காட்ட வேண்டும். என்ன காட்டுகிறது என்று எனக்குச் சொல்லு. ராத்திரி பதினொன்று ஆனாலும் கூப்பிடு, விழித்திருப்பேன்.

உன் அம்மா