முதல் பசிக்கு ரேஷன் வேண்டாம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு இரவு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. லாஸ்பேட்டை வீடு பழகிவிட்டதா? அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. மாடிப்படி ஏற மட்டும் நான் விடுவதில்லை. மற்ற சேதி நேரில்.

நெட்ஹேக் கம்ப்யூட்டர் விளையாட்டில் நாலாவது லெவலில் பட்டினியால் செத்துப்போனதாக எழுதியிருந்தாயே, எனக்கு மனசே ஆறவில்லைடி. திரையில் ‘ஹங்க்ரி’ (பசி) என்று வந்த உடனே பையிலிருந்த ரேஷனை, அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தின்றாய். ஹெச்பி, அதாவது உயிர்ப்புள்ளி, பாதியாகக் குறைந்ததற்கே பிரார்த்தனை செய்தாய். சாமி கோபித்துக்கொண்டது. அப்புறம் நிஜமாகப் பசித்தபோது கூப்பிட்டும் வரவில்லை. முதல் ஆயிரம் டர்னில் கையில் இருப்பதிலேயே பெரிய சொத்து அந்த ஒரு பிரார்த்தனைதான்.

கணக்கைப் பார். ஆரம்பத்தில் வயிற்றில் 900 புள்ளி சத்து இருக்கும், டர்னுக்கு ஒன்று குறையும். 150-க்குக் கீழே போனால்தான் ‘ஹங்க்ரி’. அப்போதும் ஓடலாம், சண்டை போடலாம். 50-க்குக் கீழே ‘வீக்’ (பலவீனம்) என்று வரும். அதுதான் நேரம். அதுவரை பிரார்த்தனையைத் தொடாமலும், ஆட்டத்தில் கூடவே வரும் உன் பூனைக்குட்டியைக் கொல்லாமலும் இருந்தால், அப்போது வேண்டிக்கொள், வயிறு மறுபடி 900 ஆகிவிடும். 800 தரும் ரேஷன் பைக்குள் அப்படியே இருக்கும். நடுவில் உயிருக்கே ஆபத்து வந்தால் மட்டும், அதாவது ஹெச்பி ஏழில் ஒரு பங்குக்கும் கீழே போனாலோ 6-க்குக் கீழே போனாலோ, யோசிக்காமல் வேண்டிக்கொள். அடுத்த பிரார்த்தனைக்கு ஆயிரம் டர்னாவது இடைவெளி விடு.

தானே புயல் ஞாபகம் இருக்கிறதா? 2011 டிசம்பர் 30. காற்று நின்ற மறுநாள் அம்மா சமையலறைத் தரையில் எல்லாவற்றையும் பரப்பி வைத்தாள். பால், இட்லி மாவு, கத்திரிக்காய் ஒரு பக்கம். அரிசி, துவரம்பருப்பு, அப்பளம் இன்னொரு பக்கம். “கெட்டுப்போறத முதல்ல தீத்துடலாம்” என்றாள். கரண்ட் இல்லாத அத்தனை நாளும் மெழுகுவத்தியை அவள்தான் ஏற்றுவாள், சாப்பிட்டு முடித்ததும் அவளே அணைப்பாள். தீப்பெட்டி அவள் இடுப்பிலேயே இருக்கும்.

நெட்ஹேக்கிலும் நான் அப்படித்தான் ஆடுகிறேன். குள்ளநரியையோ, நியூட் என்ற குட்டிப் பிராணியையோ கொன்றால், பசி எடுத்திருந்தால் சூட்டோடு தின்றுவிடுவேன். 50 டர்ன் தாண்டிய பிணத்தைத் தொடவே மாட்டேன், விஷமாகியிருக்கலாம். ‘லைக்கன்’ என்ற பூஞ்சைப் பிராணியும் ‘லிஸர்ட்’ என்ற பல்லியும் மட்டும் கெடவே கெடாது. அவற்றை எடுத்துப் பையில் போட்டுவிடுவேன். காக்கட்ரைஸ் என்ற பிராணியை மட்டும் வாயில் வைத்துவிடாதே, கல்லாகிவிடுவாய்.

செலவே இல்லாத ஒரு ஆயுதமும் இருக்கிறது. தரைப் புழுதியில் விரலால் எல்பெரெத் (Elbereth) என்ற மந்திரச் சொல்லை எழுது. மனிதர்களும் மாட்டுத்தலை மினோட்டாரும் மதிக்காது, மற்றதில் பெரும்பாலானவை பயந்து விலகும். அதன்மேல் நின்றுகொண்டு வாளை வீசாதே, எழுத்து அழிந்துவிடும். அங்கே நின்று மூச்சு வாங்கத்தான் அது. எத்தனை தடவை என் வால்கிரி வீராங்கனையைக் காப்பாற்றியிருக்கிறது தெரியுமா!

தெரியாத மந்திரக்கோல் கிடைத்தாலும் சண்டையில் வீசிப் பார்க்காதே. முதலில் அதை வைத்துத் தரையில் எழுதிப் பார். நெருப்புக் கோலாக இருந்தால் எழுத்து எரிந்து பதியும், தோண்டும் கோல் என்றால் தரையில் செதுக்கும். ஒரு சார்ஜ் போகும்தான், ஆனால் கையில் இருப்பது என்ன என்று பல நேரம் தெரிந்துவிடும். கீழே கிடக்கும் கவசத்தைப் பூனை மிதிக்கத் தயங்கினால், அது சாபம் பிடித்தது, அதை நீ போட்டுக்கொள்ளாதே.

அடுத்த ஞாயிறு வருகிறேன். அரியாங்குப்பம் தாண்டியதும் போன் பண்ணுகிறேன். லேப்டாப்பில் சார்ஜ் போட்டு வை, புதிதாக ஒரு வால்கிரியை ஆரம்பிக்கலாம். ‘வீக்’ என்று வரும் வரை அந்த ரேஷனில் கைவைக்க விடமாட்டேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி