மணலில் படியும் பாசிக்குக் கடல் அட்டை மருந்தல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பிதழின் கேள்வி-பதில் பகுதியில், வேளச்சேரி வாசகி ஒருவர் தன் வீட்டுக் கடல்நீர் மீன் தொட்டியில் வெள்ளை மணல் முழுக்கப் பழுப்பாகிவிட்டதாக எழுதி, வழி கேட்டிருந்தார். பதிலில் இரண்டு யோசனைகள் இருந்தன. ராமேஸ்வரம் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு கடல் அட்டை (கடலடி மணலில் ஊரும், வெள்ளரிக்காய் வடிவ உயிரினம்) வாங்கி விடலாம், மணலை அதுவே சுத்தம் செய்துவிடும் என்பது ஒன்று. எரித்ரோமைசின் மாத்திரையைப் பொடித்துப் போடலாம் என்பது இன்னொன்று. நான் கொளத்தூரில் இருந்துகொண்டு வீடுகளுக்கும் கிளினிக்குகளுக்கும் மரைன் டேங்க் அமைத்துப் பராமரிக்கிறவன். அந்தப் பதிலைப் படித்த என் வாடிக்கையாளர் ஒருவர் திங்கட்கிழமை காலையிலேயே போன் செய்து, "தம்பி, அட்டை கிடைக்குமா?" என்று கேட்டார். அதனால்தான் இந்தக் கடிதம்.

கடல் அட்டைகள் எல்லா வகையுமே 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டவை. புலி இருக்கும் அதே பட்டியல். பிடிப்பதும் விற்பதும் மட்டுமல்ல, வீட்டுத் தொட்டியில் வைத்திருப்பதும் குற்றம்தான். சிறைத் தண்டனை உண்டு. மண்டபம், வேதாளை பக்கம் மூட்டை மூட்டையாகக் கடல் அட்டை பிடிபட்ட செய்திகளை உங்கள் பத்திரிகையே அடிக்கடி வெளியிடுகிறது. அதே பத்திரிகையின் இணைப்பிதழ், ஒன்று வாங்கி விடுங்கள் என்கிறது!

யோசனை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அமெரிக்காவில் மீன் கடைகளிலேயே கடல் அட்டை விற்கிறார்கள். அது மணலைச் சுத்தம் செய்யும் என்பதும் பொய்யில்லை. மன்னார் வளைகுடாவில் அதன் பிழைப்பே அதுதான்: மணலை விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் மக்கிய கழிவையும் நுண்பாசியையும் செரித்துக்கொண்டு, மணலை வெளியே தள்ளிவிடும். ஆனால் மூன்றடித் தொட்டியில் அதற்குச் சாப்பாடு போதாது. நாளாக நாளாகச் சுருங்கிச் செத்துப்போகும். சாகும்போதோ பம்பில் சிக்கி அறுபடும்போதோ அதன் உடலிலிருந்து வெளியேறும் நஞ்சு தொட்டியிலுள்ள மீன்களையும் கொன்றுவிடக் கூடும். (வெள்ளை அட்டையை உலகிலேயே முதன்முதலாகக் குஞ்சு பொரிக்கவைத்தது நம் தூத்துக்குடியில்தான்; 1988-இல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில். தடையைத் தளர்த்த வேண்டும் என்று மீனவர்கள் கேட்பது தனி விவாதம். அதற்கு நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். ஆனால் சட்டம் இருக்கும்வரை சட்டம்தான்.)

அப்புறம் அந்த மாத்திரை. மணல் மேல் கருஞ்சிவப்பாக, வழவழவென்று, பாலாடை மாதிரி உரித்தெடுக்கக்கூடிய ஏடு படிந்தால் அது சயனோபாக்டீரியா. பாக்டீரியா இனம் என்பதால் எரித்ரோமைசினுக்குக் கட்டுப்படும், உண்மைதான். ஆனால் வாசகி எழுதியிருந்தது பழுப்பு நிறம். அது பெரும்பாலும் டயாட்டம் என்ற நுண்பாசி. அதற்கு இந்த மாத்திரையைப் போட்டுப் பயனில்லை. சயனோவுக்கே போட்டாலும், செத்த ஏடு மொத்தமும் அழுகும்போது தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே குறைவாகத்தான் கரைந்திருக்கும் என்பதால், சென்னை மே மாதத்தில் இது விஷப்பரீட்சை. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்தைத் தொட்டியில் கரைத்து, பிறகு சாக்கடையில் ஊற்றச் சொல்வது எந்த வகையில் சரி என்றும் தெரியவில்லை. சயனோவுக்கு நான் செய்வது, வேவ்மேக்கரை (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் சிறு பம்ப்) திருப்பிவைத்து நீரோட்டம் படாத மூலையில் ஓட்டம் கொடுப்பதும், ஏட்டைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுப்பதும்தான். தண்ணீர் ஓடாமல் தேங்கிய இடத்தில்தான் சயனோ முதலில் பிடிக்கும்.

டயாட்டத்துக்கு வருகிறேன். அதன் உடலைச் சுற்றி இருப்பது, கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிகாவால் ஆன ஓடு. சிலிகா கிடைக்கும்வரை அது வளரும். புதுத் தொட்டியில் முதல் சில வாரங்களில் பழுப்பு படிவது சகஜம். மணலிலும் கல்லிலும் இருந்து வருவது தீர்ந்ததும் தானாகப் போய்விடும். மாதக்கணக்கில் போகவில்லையென்றால் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். சென்னையில் நான் பார்க்கிற தொட்டிகளில் பாதிப் பிரச்சினை இங்கேதான். போர் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்த சிலிகா இருக்கும். சரி, வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறதே என்பார்கள். வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்கள் பலவற்றில், குடிக்க ருசியாக இருக்க வேண்டும் என்பதற்காக, சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று இருக்கும். மனிதருக்கு நல்லது, தொட்டிக்கு ஆகாது. ஆர்.ஓ.வுக்கு அடுத்து டி.ஐ. ரெசின் (தண்ணீரில் மிச்சமிருக்கும் உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் சிறு மணிகள்) இருந்தாலும், ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவுவது சிலிகாதான். அப்போதும் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்ஜியம் காட்டிக்கொண்டிருக்கலாம். மீட்டரை நம்பி ரெசினை மாற்றாமல் இருப்பவர்கள் உண்டு.

இதில் இன்னொரு சூட்சுமம். சில்லர் (தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) வாங்க முடியாதவர்கள் ஃபேன் வைத்துத் தொட்டியைக் குளிர்விக்கிறார்கள். தண்ணீர் வேகமாக ஆவியாகும், தினமும் மேலே ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டும். அதிலிருந்த சிலிகா, பாஸ்பேட் எல்லாம் தொட்டியிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். அதனால் தினமும் ஊற்றுகிற அந்தத் தண்ணீர்தான் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும்.

மிஞ்சி அழுகிப் பாசிக்கு உரமாகிற தீனியும் ஒரு காரணம். ஒரு பல் கிளினிக் வரவேற்பறைத் தொட்டியில் மணல் எப்போதும் பச்சையும் பழுப்புமாகவே கிடந்தது. விசாரித்தால், காலையில் துப்புரவு அக்கா ஒரு கை போடுகிறார், வரவேற்பில் இருக்கும் பெண் பத்து மணிக்கு ஒரு கை, காத்திருக்கும் குழந்தைகள் அழுதால் அவர்கள் கையாலும் ஒரு கை. இரண்டு க்ளவுன் மீனுக்கு! டப்பாவை டாக்டர் மேஜை இழுப்பறைக்கு மாற்றினோம், விளக்கை எட்டு மணி நேரத்துக்கு டைமரில் போட்டோம். மணல் வெளுத்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. பழுப்பாக, சளி மாதிரி இழை இழையாக, நுனியில் காற்றுக் குமிழியோடு நின்றால், இரவில் குறைந்து பகலில் கூடினால், அது டயாட்டம் இல்லை, டைனோஃபிளாஜெல்லேட் என்ற வேறொரு நுண்ணுயிராக இருக்கலாம். பாசிக்கு உரமான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய தொட்டியில்தான் இது பெரும்பாலும் தலையெடுக்கும். அங்கே போய்த் தீனியைக் குறைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி விட்டால் இன்னும் மோசமாகும். கொஞ்சம் எடுத்துத் தொட்டித் தண்ணீரோடு சின்ன பாட்டிலில் நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ பேப்பரில் வடிகட்டி, வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். வடிந்த தண்ணீரில் மறுபடி இழையாகக் கூடினால் சந்தேகம் பலப்படும். பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் கிடைத்தால் இன்னும் உறுதியாகப் பார்த்துவிடலாம்.

வேளச்சேரி வாசகி தொட்டி வைத்து எத்தனை மாதமாகிறது என்று எழுதவில்லை. ஒரு மாதம்தான் என்றால் வாராவாரம் மேல் மணலை மட்டும் லேசாக உறிஞ்சிவிட்டுப் பொறுத்திருக்கலாம். பழைய தொட்டியென்றால் அடி மணலைக் கிளறவே வேண்டாம்; ஆழமான மணலில் தேங்கிய ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு வெளியே வந்து மீனைக் கொல்லக் கூடும். மணலைச் சலிக்க உயிரினம்தான் வேண்டுமென்றால் கோபி மீன் இருக்கிறது. ஆனால் அதற்கும் தனியாகத் தீனி கொடுக்க வேண்டும்.

கடல் அட்டை பற்றிய அந்த வரிக்காவது அடுத்த ஞாயிறு இணைப்பிதழில், அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
கடல்நீர் மீன் தொட்டி பராமரிப்பாளர்,
கொளத்தூர், சென்னை – 99.